மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். ஓலை என்பது பேருக்குத்தான். வாசிப்பது கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாள். இன்ன சபையைச் சேர்ந்த இன்னாருடைய மகனுக்கும் இன்ன சபையைச் சேர்ந்த இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். பிறகு சிறிது நேரம் பேசாமல் நிற்பார். யாராவது இருமுவார்கள். அவர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். என் எழுபத்தோரு வயதில் அந்த இடைவெளியில் ஒருவர் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் சபையிலும் வாசிக்க வேண்டும், பெண்ணின் சபையிலும் வாசிக்க வேண்டும். என் மகன் ஜோயலுக்கு முதல் ஓலை வாசித்த அன்று நான் ராஜபாளையத்தில் எங்கள் சபையில் இடது பக்கம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் என் இடம். பதினோரு வருடம் செயலராக இருந்தவன் என்பதால் நான் வரத் தாமதமானாலும் அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. 'தவசிமுத்து, சண்முகத்தாய் தம்பதியரின் குமாரன் ஜோயல்' என்று போதகர் வாசித்தபோது இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தலையை அசைத்தேன். தடை உண்டா என்று அவர் கேட்டார். அந்தக் கட்டடத்தில் மூன்று பேருக்குத் தடை என்னவென்று தெரியும். பெண்கள் பக்கத்தில் என் மனைவி. என் பெஞ்சில் நான். எனக்குப் பக்கத்தில் ஜோயல்.

யாரோ இருமினார்கள். முதல் ஓலை முடிந்தது.

ஜோயலுக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு நூற்பு மில்லில் எலக்ட்ரீசியன். ஏழு வருடம் குடித்தான். முதல் நான்கு வருடம் எனக்குத் தெரியாது. அடுத்த மூன்று வருடம் எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன். மில் வேன் டிரைவர் அவனைத் தாங்கிக் கொண்டுவருகிற நாட்களில் பின்வாசல் வழியாக உள்ளே எடுப்பேன். மஞ்சள் காமாலை என்று மில்லுக்கு லீவு லெட்டர் எழுதினேன். பாடகர் குழுவில் ஏன் அவனைக் காணோம் என்று கேட்டவர்களிடம் தொண்டையில் கோளாறு என்றேன். இதையெல்லாம் செய்யும்போது கோபமோ துக்கமோ இருந்ததாக எனக்கு நினைவில்லை. நான் முப்பத்தொன்பது வருடம் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன். ஒரு மெஷின் நின்றால் அது நின்றது வெளியே தெரியாதபடி மற்றவற்றை ஓட்ட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. வீட்டிலும் அதைத்தான் செய்தேன்.

போன அக்டோபரில் அவனுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. சுவரில் இல்லாத பூச்சிகளைச் செருப்பால் அடித்தான். மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்பு போகிற ரோட்டில் கிறிஸ்தவர்கள் நடத்தும் மறுவாழ்வு இல்லம் ஒன்று இருக்கிறது, தொண்ணூறு நாள் அங்கே விடுங்கள் என்றார். விட்டேன். கோயம்புத்தூரில் புது மெஷின்களுக்கு டிரெய்னிங் போயிருக்கிறான் என்று சபையிலும் சொந்தத்திலும் சொன்னேன்.

சனிக்கிழமைதோறும் குடும்பத்தார் அங்கே போக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. தெரிந்த முகம் எதிரே வரக்கூடும் என்பதால் ஆட்டோவைக் கால் மைல் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி நடந்து போவேன். சண்முகத்தாய் பின்னால் வருவாள்.

முதல் சனிக்கிழமை எங்களை வரவேற்ற ஆலோசகரை எனக்கு அடையாளம் தெரிந்தது. கௌதம்ராஜ். இருபது வருடத்துக்கு முன்னால் என் ஷிப்டில் வேலை பார்த்தவன். குடித்துவிட்டு மெஷின் ஓரத்தில் படுத்துக் கிடந்தான் என்று ரிப்போர்ட் எழுதி அவனை வெளியே அனுப்பியதே நான்தான்.

"வாங்க சார். என்னய ஞாபகம் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"நீங்க எழுதுன ரிப்போர்ட்டோட காப்பி இன்னும் என்கிட்ட இருக்கு சார். புதுசா வாரவங்களுக்குக் காட்டுவேன்."

"என்னயத் திட்டுறதுக்கா?"

"சேச்சே. அந்தக் காலத்துல என்னயப் பத்தி எங்க வீட்டுல பேசுனது பொய், பொண்டாட்டி வீட்டுல பேசுனது பொய், நான் பேசுனது எல்லாம் பொய். உண்மைய எழுதுனது அந்த ஒரு தாள்தான். அதுவும் தேதி, நேரம் எல்லாம் போட்டு." அவன் சிரித்தான். சண்முகத்தாயும் சிரித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அங்கே காலையில் பாட்டும் வேதப்பகுதியும் ஜெபமும். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரையும் குடிக்காமல் இருந்த நாட்களின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். "ஜோயல். பதினேழு நாள்" என்று என் மகன் சொன்னான். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கிற குரல். சோழபுரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, "போன வாரம் முப்பது. இன்னைக்கு ரெண்டு" என்றார். யாரும் அவரைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று கேட்டுவிட்டு ஆமென் சொல்லிவிட்டார். எங்கள் சபையில் ஜெபங்கள் நீளமாக இருக்கும். இவ்வளவு சின்ன ஜெபம் எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

ஒருநாள் கௌதம்ராஜிடம் கேட்டேன். இது பாவம் என்றால் மன்னிப்பு இருக்கிறது, நோய் என்றால் மருந்து இருக்கிறது, இங்கே இரண்டையும் சேர்த்துச் சொல்கிறீர்களே, எது சரி என்று.

"ஜெபமே போதும்னு சொல்லி மாத்திரையத் தூக்கி எறியிறவங்களும் இங்க வாராங்க சார். மாத்திரை போதும், சாமி எதுக்குன்னு கேக்குறவங்களும் வாராங்க. ரெண்டு கூட்டத்துலயும் பிழைச்சவங்க இருக்காங்க. பொய் சொல்லிக்கிட்டே பிழைச்சவன மட்டும் நான் இன்னும் பாக்கல."

அன்று எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தான். வீட்டில் குடிப்பவருக்காக நாங்கள் சொன்ன பொய்களை எழுத வேண்டும். சண்முகத்தாய் இரண்டு பக்கமும் எழுதிவிட்டு இன்னொரு தாள் கேட்டாள். சோழபுரத்தில் இந்து வீட்டில் பிறந்து, என்னைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் எடுத்தவள். ஞானஸ்நானப் பெயரை வாசித்த நாளோடு எல்லோரும் மறந்துவிட்டு சண்முகத்தாய் என்றே கூப்பிடுகிறார்கள். இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு எழுதி நான் பார்த்ததில்லை. நான் தாளை அப்படியே வெறுமையாகக் கொடுத்தேன். கௌதம்ராஜ் அதை வாங்கினான். தேதி போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டான்.

ஜனவரியில் ஜோயலை அழைத்து வந்தோம். அன்று கௌதம்ராஜ் இரண்டு காரியம் சொன்னான். ஒரு வருடத்துக்குக் கல்யாணம் போன்ற பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். அதற்கு முன்னால் செய்யத்தான் வேண்டும் என்றால், அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிய வேண்டும், அதுவும் ஜோயலின் வாயால் தெரிய வேண்டும். நான் தலையாட்டினேன்.

மார்ச்சில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரன் வந்தது. பெண்ணின் தகப்பனார் பொன்னுராஜ், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் ஜாஸ்மின், இருபத்தொன்பது வயது, கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் லேபில் வேலை. நல்ல சபை, நல்ல குடும்பம். வேண்டாம் என்று சொன்னால் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். முப்பத்து மூன்று வயது மகனுக்கு வருகிற நல்ல வரனைத் தள்ளுகிற தகப்பனைப் பற்றி ஊர் என்ன யோசிக்கும் என்று எனக்குத் தெரியும். அதோடு, கல்யாணம் ஆனால் ஆண்பிள்ளைகள் ஒரு நிலைக்கு வந்துவிடுவார்கள் என்று நான் நம்பினேன். மில்லில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

"சொல்லிட்டுச் செய்வோமே" என்று சண்முகத்தாய் இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை.

முதல் ஓலை வாசித்த அன்று மாலை நான் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோயல் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"ஜாஸ்மின்ட்ட சொல்லணும்ப்பா."

"கல்யாணம் முடியட்டும். பொறவு சொல்லிக்கலாம்."

"பொறவு சொன்னா அது சொல்றது இல்லப்பா. மாட்டிக்கிடுறது."

"ஏலே, இப்ப எத்தன நாள் ஆகுது ஒனக்கு?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"இன்னும் ஒரு இருநூறு ஆயிருச்சுன்னா அந்தச் சீக்கே இல்லன்னு ஆயிரும். இல்லாத ஒண்ண எதுக்குச் சொல்லணும்?"

"அப்படி ஆகாதுப்பா. கௌதம் அண்ணனுக்குப் பதினாலு வருசமாச்சு. இன்னும் எண்ணுதாரு."

"அவன் கதைய நம்ம வீட்டுல பேசாத."

ஜோயல் எழுந்து போய்விட்டான். அந்த வாரம் முழுவதும் தினமும் சாயங்காலம் ஜாஸ்மினோடு போனில் பேசினான். கதவு திறந்தே இருக்கும். வெயில், மில், கல்யாணச் சேலையின் நிறம். பேசி முடித்த பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பான். மாத்திரை போடுகிற நேரத்தில் மாத்திரை போட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டான். நான் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று பிற்பகல் பொன்னுராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு வந்துருங்க அண்ணாச்சி. மூணாவது ஓலைய எல்லாரும் சேந்து அங்க கேப்போம். மதியச் சாப்பாடு நம்ம வீட்டுல. நாப்பது பேருக்குச் சொல்லியாச்சு. மதினி, நீங்க சீக்கிரம் வந்து ரசத்த மட்டும் பாத்துக்கிடுங்க. எங்க வீட்டுக்காரி வைக்குற ரசத்துல டயர் கழுவலாம்."

சண்முகத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜோயல் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"முப்பது வருசம் பஸ் ஓட்டுனவன் அண்ணாச்சி நான்" என்றார் பொன்னுராஜ். "ஒருத்தன் படியில கால வைக்கும்போதே எதப் போட்டுட்டு வாரான், எம்புட்டுப் போட்டுட்டு வாரான்னு மூக்கு சொல்லிரும். ஒங்க வீட்டுக்கு முதல்ல வந்த அன்னைக்கே மோந்து பாத்துட்டேன். தப்பா நினைக்காதீய. சாம்பார் வாடையத் தவிர ஒண்ணுமில்ல."

"அதுல நினைக்க என்ன இருக்கு" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "என் தம்பி மகளுக்கு இப்படித்தான் விசாரிக்காமச் செஞ்சான். மூணே மாசம். பிள்ள கன்னம் வீங்கி வந்து நின்னா. அதுனால வாய் விட்டே கேட்டுருதேன் அண்ணாச்சி. அந்தப் பழக்கம் மாப்பிள்ளைக்கு இல்லையே?"

"எங்க குடும்பத்துல மூணு தலைமுறையா அந்தப் பழக்கம் கிடையாது" என்றேன்.

ஜோயல் டீத் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தான். வந்து ஒவ்வொரு டம்ளராக எடுத்து வைத்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. பொன்னுராஜ் அவன் தோளில் தட்டினார். அவன் சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். சிறிது நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. சண்முகத்தாய் என்னைப் பார்த்தாள். நான் பொன்னுராஜிடம் சமையலுக்கு ஆள் வைத்தாயிற்றா என்று கேட்டேன்.

ஆறு மணிக்கு ஜோயல் அவன் அம்மாவுக்குப் போன் செய்தான். கௌதம் அண்ணனோடு இருப்பதாகவும் காலையில் வருவதாகவும் சொன்னான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு கௌதம்ராஜ் எங்கள் முன்வாசல் வழியாக வந்தான். தெருவில் எல்லோரும் நடமாடுகிற நேரம். நான் சீக்கிரம் உள்ளே வரச் சொன்னேன். ஜோயல் நேரே தன் அறைக்குப் போய்விட்டான்.

"நேத்து கடை வாசல் வரைக்கும் போயிருக்கான் சார். வண்டிய நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணினான். நான் போற வரைக்கும் ரோட்டுலயே நின்னுருக்கான்."

"குடிச்சானா?"

"இல்ல."

"அப்ப சரி."

"சரி இல்ல சார்." அவன் எனக்குக் கீழே வேலை பார்த்தபோது இப்படி என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. "அடுத்த தடவ அவன் போன் பண்ண மாட்டான். நான் இந்த வேலையில இம்புட்டுப் பேரப் பாத்துட்டேன், தெரியும். அந்தப் பிள்ளைட்ட அவன் சொல்லணும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் தனியா கூப்பிட்டுச் சொல்றேங்கான். அவனே தேதி வச்சிருக்கான். அவன் சொல்லட்டும். நீங்க தடுக்காதீங்க."

"அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம். கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவன் வாயத் திறந்து அந்த ஒண்ணச் சொல்லிட்டான்னா, குடிக்காம இருக்கிறதுக்கு அவனுக்கு ஊனி நிக்க ஒரு கால் கிடைச்சிரும். அதுதான் சார் இப்ப முக்கியம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். ஒங்களுக்கு அதுதான் கஷ்டம்னு தெரியும்."

போவதற்கு முன் எழுந்து நின்று ஜெபித்தான். வழக்கம்போல நான்கு வரி. நான் கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள் ஒன்றுமில்லை.

அந்த வாரத்தில் நான் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவன் சொல்லத்தான் போகிறான் என்று ஆகிவிட்டது. எப்படிச் சொல்வான்? அந்தப் பெரிய குரல்காரர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, வார்த்தை வராமல், கன்னத்தில் கண்ணீரோடு சொல்வான். அவர் வீட்டு நாற்பது விருந்தாளிகளும் சன்னல் வழியாகப் பார்ப்பார்கள். மூன்று தலைமுறை என்று நான் சொன்ன பொய்யை அவன் அவிழ்ப்பான், நான் பக்கத்தில் திருடனைப்போல உட்கார்ந்திருப்பேன். எங்கள் குடும்பத்தின் காரியம் ஒன்று வெளியே சொல்லப்பட வேண்டுமானால் அதைச் சொல்ல வேண்டியவன் நான். என் தகப்பனார் இருந்தவரை அவர் சொன்னார். பிறகு நான். நிமிர்ந்து நின்று, கேட்கிற இடத்தில், ஒழுங்கான வார்த்தைகளில் சொல்லிவிட்டால் அதில் அவமானம் பாதியாகக் குறையும் என்று நினைத்தேன். சனிக்கிழமை அந்த வாக்கியங்களை மனதுக்குள் அமைத்துக்கொண்டேன். அமைத்த பிறகு நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பயமும் வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் எங்களுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருந்தார்கள். மே மாத வெயில், எல்லா ஃபேனும் ஓடியது. ஜோயல் புதுச் சட்டை போட்டிருந்தான். பாட்டுப் புத்தகத்தை எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாடினான். வெகு நாளைக்குப் பிறகு அவன் குரலில் ஏதோ ஒரு திடம் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், நினைத்து வைத்திருந்ததைச் செய்தேன்.

அறிவிப்பு நேரத்தில் அந்தச் சபைப் போதகர் ஓலையை வாசித்தார். இது மூன்றாம் முறை என்றார். தடை உண்டா என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தார். நான் எழுந்தேன்.

"தவசிமுத்து. மணமகனின் தகப்பன்" என்றேன். "தடை உண்டு. என் மகன் ஜோயல் ஏழு வருடம் குடிநோயாளியாக இருந்தான். தொண்ணூறு நாள் மறுவாழ்வு இல்லத்தில் இருந்து திரும்பியிருக்கிறான். இப்போது குடிப்பதில்லை. இதைப் பெண் வீட்டாருக்கு மறைத்தவன் நான். அவர்கள் அறிந்து முடிவு செய்யட்டும்."

இருநூறு பேர் இருந்திருப்பார்கள். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. என் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போதகர் சின்ன வயதுக்காரர். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, இது... சட்டப்படி தடைன்னு வராதுங்க ஐயா. ரத்த உறவு, முந்தின கல்யாணம், அந்த மாதிரி இருந்தாத்தான். நீங்க உட்காருங்க. பொறவு பேசிக்கலாம்" என்றார். பிறகு, வேறு வழி தெரியாமலோ என்னவோ, அடுத்த ஜோடியின் ஓலையை வாசித்தார். அவர்களுக்கு அது முதல் ஓலை. தடை உண்டா என்று கேட்டபோது எல்லோரும் மறுபடியும் என்னைப் பார்த்தார்கள்.

ஜோயல் எழுந்து போகவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் இருந்ததை என்னவென்று சொல்லத் தெரியவில்லை. வேலை முடிந்து களைத்துப்போனவன் முகம் மாதிரி இருந்தது.

வெளியே பொன்னுராஜ் என் முன்னால் வந்து நின்றார். "மூணு தலைமுறைன்னீயளே அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரல் இவ்வளவு மெதுவாகப் பேசும் என்று எனக்குத் தெரியாது.

ஜாஸ்மின் பெண்கள் பக்கத்து வாசலிலிருந்து நேரே எங்களிடம் வந்தாள். அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

"மாமா, இத எங்க வீட்டுல வந்து சொல்லிருக்கலாம்லா?"

"சபைக்கு முன்னால சொல்றதுதான்மா முறை."

"சபையா மாமா இவரக் கட்டிக்கிடப் போகுது?"

பக்கத்தில் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. ஜோயல் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். அவளிடம் பேசாமல் என்னிடம் பேசினான்.

"எழுதி வச்சிருந்தேன்ப்பா. கௌதம் அண்ணன்ட்ட வாசிச்சு வாசிச்சுப் பழகினேன். இது ஒண்ணாவது என் வாயால வந்திருக்கலாம்."

நான் அமைத்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் உள்ளே சபையில் சொல்லி முடித்தாயிற்று. வேறு இல்லை.

"மாமா சொன்னது எனக்குச் சரியாவே கேக்கல" என்றாள் ஜாஸ்மின். "ஃபேன் சத்தம். நீங்க வாசிங்க."

"இங்கயா?"

"இங்க இல்ல. வாங்க."

ஞாயிறு பள்ளி நடக்கிற அறை பூட்டியிருந்தது. அதன் படியில் அவள் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டு வாசித்தான். நாங்கள் இருந்த இடத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தது தெரிந்தது. நடுவில் ஒருமுறை அவள் கையைக் காட்டி நிறுத்தி ஏதோ கேட்டாள். அவன் தாளைப் பார்க்காமல் வெகுநேரம் பதில் சொன்னான். அழவில்லை. தலையையும் குனியவில்லை.

பொன்னுராஜ் என்னைப் பார்க்காமல், "சமைச்சது சமைச்சாச்சு. வந்து சாப்பிட்டுப் போங்க" என்றார்.

"இல்ல, நாங்க கிளம்புதோம்" என்றேன்.

சண்முகத்தாய் நகரவில்லை. "நீங்க போங்க. நான் சாப்பிட்டு வாரேன். சமைச்சவிய என்ன பாவம் செஞ்சாவ?" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அவன் சொல்லுதேன்னுதான சொல்லிருந்தான். ஒங்கள யாரு சொல்லச் சொன்னா?" என்றாள்.

நான் தனியாக ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்கு வருவதற்குள் ஆறு பேர் போன் செய்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஆமாம் என்றேன். வீட்டில் நேற்றைய சோறு இருந்தது. மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்தேன்.

நாலரை மணிக்குச் சண்முகத்தாயும் ஜோயலும் வந்தார்கள். நேரே சமையலறைக்குப் போனார்கள். ஜோயல் பேசியது எனக்குக் கேட்டது. என்னிடம் அவன் சொல்லவில்லை என்பதால் கேட்டதைத்தான் எழுத முடியும்.

"ஒரு வருசம் போகட்டும்னு சொன்னா. அதுவரைக்கும் சரின்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்னா."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். வார சனிக்கிழமை இல்லத்துக் குரூப்புக்கு வந்து பாக்கட்டுமான்னு கேட்டா."

"அவிய அப்பா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. ரெண்டு தடவ சோறு வச்சாரு."

"ஓலை என்ன ஆகும்?"

"இதுக்கு மூணு மாசந்தான் கெடுவாம்மா. பொறவு வேணும்னா மறுபடி முதல்ல இருந்து வாசிக்கணும்னு போதகர் ஐயா சொன்னாரு."

அவள் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஜோயல் ஹால் வழியாகத் தன் அறைக்குப் போனான். போகும்போது, "மோட்டார் போடணுமாப்பா?" என்று கேட்டான். போடு என்றேன். போட்டான்.

நான் செய்தது முழுவதும் தவறு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். மறைத்ததை நான் மறைத்தேன், சொன்னதையும் நான் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதையும் மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை காலை சலவை வேட்டியும் சட்டையும் மாற்றிக்கொண்டு தயாராக நின்றேன். அந்தத் தொண்ணூறு நாளில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் நான் போன கூட்டம் அது. இந்த முறை ஆட்டோவை இல்லத்து வாசலிலேயே நிறுத்தலாம் என்றுகூட நினைத்திருந்தேன். சண்முகத்தாய் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜோயல் என்னைப் பார்த்ததும் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னைக்கு நீங்க வேண்டாம்ப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "ஜாஸ்மின் வாரா. அவ முன்னால எத்தன நாள்னு நான் சொல்லணும். நீங்க பக்கத்துல இருந்தா, நான் சொல்லுமுன்ன நீங்க சொல்லிருவீயளோன்னு இருக்கு."

சரி என்றேன். சண்முகத்தாய் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர்கள் போன பிறகு கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.